வயிற்றிலிருந்து வந்த உதடு

கடித்தது குதிரை என்று சொன்னபோது ஆஸ்பத்திரி வாசலில் யாரும் நம்பவில்லை. சீட்டு எழுதுகிறவர் என் முகத்தில் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் மனைவி ஹமீதுன்னிசாவைப் பார்த்தார்.

"யம்மா, நெசத்த சொல்லு. நீதானே கடிச்சே?"

அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்தினாள். "நான் கடிக்கிறதா இருந்தா ஒதட்ட ஏன் கடிக்கிறேன்? நாக்கையில்ல கடிச்சிருப்பேன். அதுதான் வூட்ல நெறைய ஆடும்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே குதிரை என்று எழுதிக்கொண்டார்.

குதிரையின் பெயர் மோத்தி. மட்டக் குதிரை, பழுப்பு நிறம், நெற்றியில் கொஞ்சம் வெள்ளை. மயிலாப்பூர் குளத்தங்கரை ஸ்டாண்டில் நானும் அதுவுமாக ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தோம். மற்ற வண்டிக்காரர்கள் நாக்கை மேல்வாயில் தட்டி டக் டக் என்பார்கள். ஹை ஹை என்பார்கள். அதற்கும் நகராவிட்டால் சவுக்கு. நான் சவுக்கைக் கூரையில் செருகி வைத்ததோடு சரி. உதட்டைக் குவித்து உள்ளே உறிஞ்சி ஒரு சத்தம் கொடுப்பேன், கைக்குழந்தைக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி. மோத்தி கிளம்பிவிடும். ரெண்டு கொடுத்தால் ஓட்டம். லஸ் முனையில் ட்ராம் மணி அடித்துக்கொண்டு வருகிறபோதுகூட அந்தச் சத்தம் அதன் காதுக்கு எட்டும். என் குதிரை என் உதட்டுக்குத்தான் நடக்கும், வேறு எதற்கும் நடக்காது என்று ஸ்டாண்டில் சொல்லிக்கொள்வேன். எனக்கு வேறு பெருமை கிடையாது.

சாயங்காலம் வண்டியை அவிழ்த்ததும் ஒரு துண்டு வெல்லத்தை என் உதட்டில் பிடித்துக்கொண்டு குனிவேன். அது தன் உதட்டால் மெதுவாக எடுத்துக்கொள்ளும். ஒரு நாளும் பல் பட்டதில்லை.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், ரமலான் மாசம். நோன்பு திறக்கிற நேரத்துக்கு கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தேன். ரெண்டு கையிலும் சூடான கலயம். மோத்தியை அப்போதுதான் அவிழ்த்து நிறுத்தியிருந்தது. பாங்கு சத்தம் கேட்டது. ஹமீதுன்னிசாவின் தம்பி பீர் முஹம்மது என் கூட இருந்தான். "கைய காலி பண்றதுக்குள்ள நேரம் போய்டும், தொறந்துக்க மச்சான்" என்று ஒரு பேரீச்சம்பழத்தை என் உதட்டில் வைத்தான். நல்லதுக்குத்தான் வைத்தான். நான் பிஸ்மி சொல்லி உள்ளே இழுக்கப் போனேன். மோத்திக்கு அது சாயங்காலம், அது உதடு, அதில் ஏதோ இனிப்பு. வழக்கம்போலக் கழுத்தை நீட்டி எடுத்தது. வெல்லத்தில் கொட்டை கிடையாது. பழத்தில் கொட்டை இருந்தது. பல்லில் கொட்டை தட்டினதும் அது வாயை இறுக்கியது. கஞ்சி கையில் கொட்டவே நான் தலையைப் பின்னால் இழுத்தேன். கடித்தது அது, பிய்த்தது நான்.

கீழுதடு முழுசும் போயிற்று. ரெண்டு ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம். பல் வெளியே தெரியும். எச்சில் நிற்காது. ஹமீதுன்னிசா என் கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு அதை மாற்றிக்கொண்டே இருப்பாள். பேச்சில் மேலுதடும் கீழுதடும் சேர வேண்டிய இடமெல்லாம் காற்றாகப் போனது. மோத்தி என்று சொல்ல முடியாது. பீரு என்று கூப்பிட முடியாது. பெண்டாட்டி பேரும் வராது. என் பேர் இனாயத். அதுக்கு உதடு தேவையில்லை, அது மட்டும் சரியாக வந்தது. அந்த நாளில் நான் பேசின பேச்சை எல்லாம் இங்கே நேராகவே எழுதுகிறேன். அப்போது கேட்டவர்களுக்கு அப்படிக் கேட்கவில்லை.

புண் ஆறுகிற வரைக்கும் பீரு வண்டி ஓட்டுவதாக ஏற்பாடு. முதல் நாள் குதிரையைப் பூட்டிவிட்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான்.

"நவுர மாட்டேங்குது மச்சான். தட்டிப் பாத்தேன், கத்திப் பாத்தேன். செல மாரி நிக்கிது."

"ஒதட்டால கூப்டு."

"கூப்டாம இருப்பனா? ஒன்னோட சத்தம் எனக்கு வர்ல. என்னிய திரும்பிப் பாத்து மூக்க ஒறியுது."

கார்ப்பரேஷன் குப்பை வண்டிக்கு மட்டக் குதிரைகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடாத குதிரையை வைத்துக் கொள்ளு போட எங்களால் ஆகாது. கடிக்கிற குதிரை என்று பேர் வேறு வந்துவிட்டது. வரும் ரமலான் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் நான் வந்து கூப்பிட்டால் மோத்தி எங்களுடையது, இல்லையென்றால் குப்பை வண்டிக்கு என்று வீட்டில் பேசி முடித்தார்கள். நான் தலையாட்டினேன். குப்பை வண்டிக் குதிரை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். விடிகிற நேரத்தில் மந்தைவெளிப் பக்கம் எதிரே வரும். கண்ணைச் சுற்றி ஈ மொய்க்கும், அது தலையைக்கூட ஆட்டாது.

புண் ஆறினதும் டாக்டர் வெள்ளைத்துரையிடம் அனுப்பினார்கள். பேர்தான் வெள்ளைத்துரை, ஆள் திருநெல்வேலிப் பக்கத்துக் கறுப்பு. பட்டாளத்தில் மேஜராக இருந்து, சண்டையில் முகம் போன சிப்பாய்களுக்கு முகம் ஒட்டிவிட்டு வந்தவர். அது படிக்கிற பிள்ளைகள் இருக்கிற ஆஸ்பத்திரி. அவர் எங்கே போனாலும் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு கூட்டம் பின்னாலேயே போகும். என் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"உதடு வைக்கலாம்வே. ஆனா நாளாவும். உம்ம வயித்துத் தோல எடுத்துக் குழாய் மாரி சுருட்டுவோம். ஒரு முனை வயித்துலயே இருக்கும். இன்னொரு முனைய மணிக்கட்டுல தைப்போம். அங்க ரத்தம் ஊறிட்டுன்னா வயித்துப் பக்கம் அறுத்து, கையத் தூக்கி வாயில தைப்போம். வாயில ஊறிட்டுன்னா கைய அறுத்திருவோம்."

"கையவா சார்?"

"கையில இருக்கிற முனையவே. கை உமக்குத்தான்."

"நேரா வயித்துலேர்ந்து வாய்க்கு வெச்சா இன்னா சார்?"

"வழியில செத்துப்போவும். தோலுக்கு ரத்தம் வேணும்லா. அதான் வண்டி மாறி வண்டி மாறிப் போவுது."

ஹமீதுன்னிசா முன்னால் வந்தாள். "ஏற்கெனவே வயித்துல ஒண்ணியும் இல்ல அவருக்கு. என் தோல எடுத்துக்குங்க டாக்டர்."

"உம்ம தோலு அவருக்கு ஒட்டாதும்மா."

"அது எனக்கு நிக்காஹ் அன்னிக்கே தெரியும்" என்றாள். வெள்ளைக் கோட்டுக் கூட்டம் முழுசும் சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "சத்தம் வருமா சார்?"

"வரும்வே. நல்லாப் பேசலாம்."

நான் கேட்டது பேச்சு இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வரும் என்று பெரிய டாக்டர் வாயால் சொன்னதே போதும் என்று விட்டுவிட்டேன்.

அறுத்தார்கள். கண் முழித்தபோது தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு தோல் குழாய் இருந்தது, சட்டியின் காது மாதிரி ரெண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நடுவில் இடைவெளியோடு. விரல் விட்டுப் பார்க்கலாம். விட்டுப் பார்த்தேன், நர்ஸம்மா கையில் அடித்தாள். அது ஊறினதும் ஒரு முனையை எடுத்து இடது மணிக்கட்டில் தைத்தார்கள். அதற்கப்புறம் என் இடது கை வயிற்றை விட்டு நகர முடியாது. கக்கூஸுக்குப் போனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். பார்க்கிறவர்கள் வயிற்று வலி என்று நினைப்பார்கள்.

அது பொது ஆபரேஷன் வார்டு. பக்கத்துப் படுக்கைக்குக் குடலிறக்கம் வந்தது, போயிற்று. பித்தப்பைக் கல் வந்தது, போயிற்று. பட்டினப்பாக்கத்து மீன்காரர் ஒருவர் கழுத்துக் கட்டியோடு வந்து, அது இல்லாமல் போனார். எதிரில் ஒருவனுக்குக் காலோடு கால் வைத்துத் தைத்திருந்தார்கள். ஓடிப் போய்விட வேண்டும் என்று அவன் தினமும் சொல்லுவான். ரெண்டு காலையும் சேர்த்துத் தைத்த பிறகு எங்கே ஓடுவது. நான் மட்டும் எந்தப் பக்கமும் போகாமல் இருந்தேன். கஞ்சி வரும், குடிப்பேன். கட்டு மாற்றுவார்கள், பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் வலித்தது. அப்புறம் வலிக்கிறது என்று தெரிந்தது, ஆனால் அது வேறு யாருக்கோ வலிக்கிற மாதிரி இருந்தது.

ஒரு நாள் பாட அறைக்குக் கொண்டுபோனார்கள். மரப் பலகைகள் படிப்படியாக மேலே போகும். அது முழுக்கப் பிள்ளைகள். என்னைக் கீழே நடுவில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். படிக்கிற பெண் ஒருத்தி என் கண்ணைத் துணியால் கட்டினாள். டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"எங்கவே குத்துது?"

"வயித்துல சார்."

அறையே சிரித்தது. துணியை எடுத்தபோதுதான் பார்த்தேன். அவர் கையில் இருந்த ஊசி மணிக்கட்டுப் பக்கத்தில் இருந்தது. குழாயின் அந்த முனையில் குத்தியிருக்கிறார். தோல் கைக்கு வந்துவிட்டது. அதனுடைய உணர்ச்சி இன்னும் வயிற்றை விட்டு வரவில்லை. மறுபடியும் குத்திக் காட்டினார். கண்ணால் கையில் பார்க்கிறேன், குத்துவது வயிற்றில் தெரிகிறது. "பசிக்குதான்னு கேளுங்க சார்" என்று பின் பலகையிலிருந்து ஒருவன் சொன்னான். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், எச்சில்தான் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பீரு வந்தான். எனக்குப் போதும் என்று தோன்றிவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்ததாலா, எதனாலோ, சொல்லத் தெரியவில்லை. இப்படியே எழுந்து போய்விடலாம், இந்தத் தோல் எங்கே தொங்கினால் என்ன என்று இருந்தது.

"பீரு, நாளைக்கி வண்டிய கேட்டாண்ட கொண்டாந்து நிறுத்து. நான் வந்துட்றேன்."

"எங்க வர்றே?"

"வூட்டுக்கு."

அவன் மணிக்கட்டையும் வயிற்றையும் பார்த்தான். "இத்த இன்னா பண்ணுவே? அக்காகிட்ட குடுத்து அறுக்கச் சொல்லுவியா?"

"வண்டிய கொண்டாடா."

"எப்டி கொண்டார்றது? நான் இஸ்துக்கினு வர்றதா? மோத்தி ஒரு அடி நவுர மாட்டேங்குது மச்சான். கொட்டாய்லயே நின்னுக்கினு கீது. ஒன்னோட சத்தத்துக்கு காத திருப்பிக்கினே கீது. நீ ஒதடு இல்லாம வந்து இன்னாத்த கூப்டுவே? காத்துதான் வரும். கார்ப்பரேஷன் ஆளு வேற ரெண்டு தபா வந்து பல்லப் புடிச்சிப் பாத்துட்டுப் போனான்." கிளம்பும்போது, "நீ ஒதட்டோட வா. அதுவரிக்கும் நான் குடுக்க மாட்டேன்" என்றான்.

அவன் சட்டையில் குதிரை வேர்வை வாசனை வந்தது. கொள்ளு போடுகிறான், தேய்த்து விடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாசனை போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் படுத்துவிட்டேன். போகிற பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

வயிற்றுப் பக்கம் அறுத்தார்கள். குழாய் என் மணிக்கட்டில் தொங்கியது. பிறகு கையைத் தூக்கி முகத்துக்குக் கொண்டுவந்து, குழாயின் முனையை வாயில் தைத்தார்கள். கை அசையாமல் இருக்கத் தலையையும் கையையும் சேர்த்து மாவுக்கட்டு. தலையில் ஒரு குல்லா, அதிலிருந்து ஒரு பட்டை முழங்கைக்கு. ரகசியம் சொல்ல வாயில் கை வைத்தவன் சொல்லாமலே உறைந்துபோன மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். மூக்கு வைத்த பீங்கான் கிண்ணத்தில் ஹமீதுன்னிசா ஓரமாகக் கஞ்சி ஊற்றுவாள். குல்லாவுக்குள் அரிக்கும். அவள் தன் தலையிலிருந்து கொண்டை ஊசி எடுத்து மாவுக்கட்டுக்குள் விட்டுச் சொறிந்து விடுவாள். பேச முடியாது, அதனால் அவள் பேசுவாள். சாந்தோமில் மீன் விலை, ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் சோளம் போட்டது, பக்கத்து வீட்டு அஸ்மத்துன்னிசாவின் பல்வலி. மோத்தியைப் பற்றி மட்டும் நான் கண்ணால் கேட்டால்தான் சொல்லுவாள். "நிக்கிது" என்பாள். அவ்வளவுதான். தலையைத் தாழ்த்த முடியாததால் கண்ணாலேயே தொழுதேன்.

அந்தச் சமயத்தில் உதட்டைத் தொட்டால் மணிக்கட்டில் தெரிந்தது. வயிற்றில் தெரிவது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

கடைசியில் கையை அறுத்து விட்டார்கள். கை கீழே வந்தபோது முழங்கை நீட்ட வரவில்லை, நர்ஸம்மா எண்ணெய் போட்டு நீவினாள். டாக்டர் மிச்சத் தோலை மடித்துத் தைத்து, பிறகு ஒரு தடவை உள்ளே இருந்த கொழுப்பை எடுத்து இளைக்க வைத்து, உதடு மாதிரி ஆக்கினார். ஊசியை எடுத்தார்.

"எங்க தெரியுது?"

"எங்கயும் தெரில சார்."

"வயித்துல?"

"இல்ல."

"கையில?"

"இல்ல சார்."

"கொஞ்சம் கொஞ்சமா வரும்வே. வருஷமாவும். வராமலும் போவும்." பிறகு, "இன்னொண்ணு. இது வயித்துத் தோலு. நீர் பருத்தீர்னா உதடும் பருக்கும். முடியும் முளைக்கும், செரைச்சிக்கிடணும்" என்றார்.

அவர் கொடுத்த கண்ணாடியில் பார்த்தேன். வெயில் படாத தோல், அதனால் முகத்தை விட வெளுப்பு. வாய் மூடியிருந்தது. பல் தெரியவில்லை. ஹமீதுன்னிசா என் கழுத்துத் துணியை அவிழ்த்தாள், காய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள், மடித்து இடுப்பில் செருகினாள். அப்போது அவள் அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் ரமலான் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. "வெள்ளத்தொரைங்க எல்லாம் கப்பல் ஏர்றாங்களாமே, நம்ம ஆளும் பூடுவாரா?" என்று வார்டில் ஒருத்தன் கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். என்னை அனுப்புகிற அன்றைக்கு மறுபடி பாட அறைக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் என்னை முக்காலியில் உட்கார வைத்து, "ஏதாவது பேசிக் காட்டும்வே" என்றார்.

பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். மோத்தி, பீரு, எல்லாம் வார்டில் சொல்லிப் பார்த்தாயிற்று. அதனால் நான் பேசவில்லை. உதட்டைக் குவித்தேன், குவிந்ததா என்று தெரியவில்லை. உறிஞ்சினேன். புஸ் என்று காற்று வந்தது, கூடவே எச்சில். மறுபடியும் உறிஞ்சினேன். ஒரு பெண் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னவே பண்ணுதீரு?"

"குதிரைய கூப்டுறேன் சார்."

அறை சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. கையைக் காட்டி அவர்களை அடக்கினார். "இதத்தான் அன்னைக்குக் கேட்டீரா?"

"ஆமா சார்."

என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கட்டை விரலால் உதட்டை அழுத்திப் பார்த்தார். அவர் அழுத்துவது அவர் நகம் வெளுப்பதில்தான் தெரிந்தது. "இதுல தசை கிடையாதுவே. தோலுதான் கொடுக்க முடிஞ்சுது. குவியாது" என்றார். "விரலால சேத்துப் பிடிச்சிக்கிட்டு உறிஞ்சிப் பாரும்." செய்து பார்த்தேன். ஏதோ ஒன்று வந்தது. ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி. அவர் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, சரியில்லை என்று ஆட்டினாரா என்று நான் கேட்கவில்லை.

என்னை அழைத்துப் போக ஸ்டாண்டுக்கார ஷரீஃப் பாய் தன் வண்டியைக் கொண்டுவந்தார். வண்டியில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா இனாயத்து, கீழ ஒதடு மட்டும் சேட்டு வூட்ல பொறந்தாப்ல செவப்பா கீது?"

"வயித்துத் தோலு பாய்."

"அப்ப இனிமே ஒனக்கு வாயும் வயிறும் ஒண்ணுதான்னு சொல்லு. சாப்பாட்டுச் செலவு கொறச்சல்."

ஹமீதுன்னிசா சிரித்தாள். நான் வழியெல்லாம் விரலால் உதட்டைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டே வந்தேன். ஷரீஃப் பாயின் குதிரை ஒரு தரம்கூடக் காதைத் திருப்பவில்லை. அது அவருடைய குதிரை, அதற்கு என் சத்தம் தெரியாது என்று சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டாயில் மோத்தி நின்றது. இளைக்கவில்லை. மேலே நல்ல மினுப்பு. பீரு பக்கத்தில் நின்றான், அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மோத்திக்குப் பின்பக்கமாக, வண்டியில் உட்கார்ந்தால் எங்கே இருப்பேனோ அந்தத் தூரத்தில் நின்றேன். உதட்டைப் பிடித்தேன். உறிஞ்சினேன். சத்தம் வந்தது. மோத்தி புல்லை மென்றுகொண்டிருந்தது. காது அசையவில்லை. மறுபடியும் கொடுத்தேன். ரெண்டு சேர்த்துக் கொடுத்தேன். அது வாலால் ஓர் ஈயை ஓட்டியது.

முடிந்தது என்று தெரிந்தது. கார்ப்பரேஷன் ஆள் எப்போது வருவான் என்று கேட்க வாயைத் திறந்தேன், கேட்காமல் அதன் பக்கத்தில் போனேன். தோளில் கை வைத்ததும் பழைய வழக்கத்தில் அது முன்னங்காலைத் தூக்கிக் கொடுத்தது. நானும் வழக்கத்தில் குனிந்து பார்த்தேன். லாடம் தேய்ந்து தகடாக இருந்தது. ஆணித் தலைகள் மழுங்கிப் போயிருந்தன. அத்தனை மாசம் கொட்டாயிலேயே நின்ற குதிரைக்கு லாடம் இப்படித் தேயாது.

காலை விட்டேன். பீருவைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். ஹமீதுன்னிசா வாசற்படியிலிருந்து, "சொல்லிட்றா" என்றாள்.

பீரு லகானை எடுத்து மாட்டினான், வண்டியில் பூட்டினான், ஏறி உட்கார்ந்தான். நாக்கை மேல்வாயில் தட்டினான், டக் டக். மோத்தி புல்லை விட்டுவிட்டு நடந்தது. சந்து முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"நீ வார்டுக்குப் போன கொஞ்ச நாள்லயே மச்சான். ஷரீஃப் பாய்தான் சொன்னாரு, அதுக்கு இனிப்பும் சத்தமும் போதும், எந்தச் சத்தமா இருந்தா இன்னான்னு. நாக்கத் தட்டித் தட்டி வெல்லம் குடுத்தேன். கையிலதான் குடுத்தேன். வந்துடுச்சி. தினிக்கும் ஓட்டிக்கினுதான் கீறேன். தியாகராய நகரு, அடையாறு, அல்லாம் போவுது."

"குப்ப வண்டி?"

"ஒருத்தனும் வர்ல."

"அப்பறம் ஏண்டா நிக்கிது நிக்கிதுன்னே?"

ஹமீதுன்னிசா இறங்கி வந்தாள். "நான்தான் அப்டி சொல்லச் சொன்னேன். குதிர ஓடுதுன்னு தெரிஞ்சா நீங்க அங்க இருந்திருப்பீங்களா? கொழா தொங்கத் தொங்க ஏந்து வந்து சவாரி ஏத்தியிருப்பீங்க. இன்னா பண்ணச் சொல்றீங்க? மொகத்துக்காக இருங்கன்னா இருக்க மாட்டீங்க. எனக்காக இருங்கன்னாலும் இருக்க மாட்டீங்க. குதிரைக்காக இருந்தீங்க."

கோபம் வரும் என்று நின்றேன். வரவில்லை. குதிரை போகவில்லை என்பது சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அதுவும் வரவில்லை. உதட்டில் ஊசி குத்தினால் எப்படியோ அப்படி இருந்தது. நான் எந்தச் சத்தத்துக்காக அத்தனை மாசம் கையை வாயில் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ, அந்தச் சத்தம் வேண்டியிருக்கவில்லை. நாக்கு எனக்கு முழுசாக வாய்க்குள்ளேயே இருந்தது.

"எறங்கு" என்றேன். பீரு இறங்கினான். நான் ஏறி லகானைப் பிடித்தேன். நாக்கைத் தட்டினேன். மோத்தி கிளம்பியது. பீருவுக்குக் கிளம்பின மாதிரியே எனக்கும் கிளம்பியது. பீரு ஓடி வந்து பின்னால் தொற்றிக்கொண்டான்.

ஸ்டாண்டில் போய் நிறுத்தினபோது வெயில் தாழ்ந்துவிட்டது. பீரு போய்க் கஞ்சி வாங்கி வந்தான். மோத்தியை அவிழ்த்துவிட்டேன். பாங்கு கேட்டது. பீரு ஒரு பேரீச்சம்பழத்தை என் உள்ளங்கையில் வைத்தான், உதட்டில் வைக்கவில்லை. அதைத் தின்றேன். இனிப்பு நாக்கில் தெரிந்தது. இன்னொன்றை எடுத்து நகத்தால் பிளந்து கொட்டையை எடுத்தேன். பழத்தை உதட்டில் வைத்துக்கொண்டேன். இருக்கிறதா, விழுந்துவிட்டதா, தெரியவில்லை.

"கீதா?" என்று பல்லைத் திறக்காமல் கேட்டேன்.

"கீது. இன்னா பண்றே மச்சான்? வேணாம். அக்கா என்னிய கொன்னுடும்."

நான் குனிந்தேன். மோத்தி கழுத்தைத் திருப்பியது. பீரு கயிற்றைப் பிடித்தான், விடு என்று கையைக் காட்டினேன். மூக்கில் அதன் மூச்சு சூடாகப் பட்டது. முகவாயில் அதன் மயிர் குத்தியது. ரெண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அது மெல்லுகிற சத்தம் கேட்டபோதுதான் பழம் போய்விட்டது என்று தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். உதடு இருந்தது.

"ஏண்டாப்பா, வண்டி வருமா? அபிராமபுரம் போணும், ஆத்துல வெளக்கேத்தணும், நாழியாயிண்டிருக்கு" என்று ஒரு மாமி குளத்துப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், அப்புறம் பார்க்கவில்லை.

"ஏறிக்குங்கம்மா" என்றேன். ம நன்றாக வந்தது. கஞ்சியைப் பீருவிடம் கொடுத்துவிட்டு மோத்தியை மறுபடி பூட்டினேன். கையில் இருந்த கொட்டையைத் தெருவில் போட்டேன். நாக்கைத் தட்டினேன்.